இல்லாத நோய்க்கு மருந்து

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கணினியில் போலி ஆன்டிவைரஸ் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கணினி பழுதுபார்ப்பது என் பிழைப்பு என்பதால் செய்முறை எல்லாம் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால், ஏமாந்தவர்கள் பக்கம் நின்று கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. இதில் பணம் விட்டவரை ஊர் விவரம் போதாதவர் என்கிறது. வீட்டுப் பிள்ளைகள், "கண்டதையும் ஏம்ப்பா கிளிக் பண்றீங்க?" என்கிறார்கள். நான் பார்த்தவரையில், கண்டதையும் கிளிக் செய்கிற ஆளிடம் இந்த வியாபாரம் அவ்வளவாகப் போணியாவதில்லை. எச்சரிக்கை வந்தால் அதையும் மூடிவிட்டுப் பாட்டு கேட்கப் போய்விடுவான் அவன். மாட்டுகிறவர் வேறு மாதிரி. கரண்ட் பில்லைக் கடைசி நாளுக்கு முன்பே கட்டிவிடுகிறவர். இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று எழுந்துபோய்ப் பார்க்கிறவர். கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்று திரையில் வந்தால், உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று பதறுகிற பொறுப்புள்ள மனிதர்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. சிமான்டெக் நிறுவனம் 2008 ஜூலையிலிருந்து 2009 ஜூன் வரை ஓராண்டு இந்தப் போலிகளைக் கவனித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 250 போலிப் பாதுகாப்பு மென்பொருள்கள், 4 கோடியே 30 லட்சம் இன்ஸ்டால் முயற்சிகள். அவற்றில் அதிகம் பரவிய முதல் 50 போலிகளை எடுத்துப் பார்த்தால், 93 சதவீத இன்ஸ்டால்கள் பயனரே விரும்பி டவுன்லோட் செய்தவை. பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் தங்கள் கையால் கதவைத் திறந்துவிட்டார்கள்.

நம் கிராமங்களில் செய்வினை எடுக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "உங்கள் வீட்டு வாசலில் யாரோ தகடு புதைத்திருக்கிறார்கள்" என்பார். கூட்டிக்கொண்டு போய்த் தோண்டினால் தகடு இருக்கும். முந்தின இரவு அவரே புதைத்தது. போலி ஆன்டிவைரஸின் முழுத் தொழில்நுட்பமும் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அலங்காரம்.

அந்த அலங்காரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஏதோ ஒரு இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று ஒரு ஜன்னல். நடுவில் சி டிரைவ், டி டிரைவ் படங்கள். பச்சைக் கோடு ஒன்று நிரம்பிக்கொண்டே போகிறது. கீழே கோப்புகளின் பெயர்கள் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடுகின்றன. சில விநாடிகளில் சிவப்பு எழுத்தில் இருபது முப்பது வைரஸ்களின் பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் அந்தப் பக்கம் உங்கள் கணினிக்குள் ஒரு கோப்பைக்கூடத் தொடவில்லை. பிரவுசரில் திறக்கிற ஒரு சாதாரணப் பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அப்படி அலச முடியாது. ஓடியது ஒரு கார்ட்டூன். சென்னையில் பார்த்தாலும் சிகாகோவில் பார்த்தாலும் அதே வைரஸ்கள், அதே வரிசை. சி டிரைவ் என்ற ஒன்றே இல்லாத ஆப்பிள் மேக் கணினியில் போய்க்கூட "உங்கள் சி டிரைவில் வைரஸ்" என்று அலறியது அந்தக் கார்ட்டூன். 2011 மே மாதம் போலி தயாரிப்பவர்களுக்கே வெட்கம் வந்ததோ என்னவோ, மேக் டிஃபெண்டர் என்று மேக்குக்கென்றே ஒன்று தயாரித்தார்கள். ஆப்பிள் அந்த மாதக் கடைசியில் அதை அகற்ற அப்டேட் விட்டது. சில மணி நேரத்தில் அந்த அப்டேட்டைத் தாண்டும் புது வடிவம் வந்துவிட்டது.

பயந்துபோய் "சரிசெய்" பொத்தானை அழுத்தினால்தான் நிஜமான நோய் வீட்டுக்குள் வருகிறது. ஆன்டிவைரஸ் 2009, செக்யூரிட்டி டூல் என்று இந்தப் போலிகள் பல பெயர்களில் வந்தன. மைக்ரோசாஃப்ட் 2009 செப்டம்பரில் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று இலவசமாக ஒன்றைக் கொடுத்தது; கொஞ்ச காலத்தில் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் 2010 என்று ஒரு போலி கிளம்பிவிட்டது! உள்ளே வந்த பிறகு இவை செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. வால்பேப்பரை மாற்றும். டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடாது. கால்குலேட்டரைத் திறந்தால்கூட "இதில் வைரஸ்" என்று சொல்லி மூடிவிடும். உண்மையான ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் தளத்துக்குப் போக முயன்றால் பக்கம் வராது. நோயாளியை வைத்தியர் வீட்டுப் பக்கமே போகவிடாமல் தடுத்துவிட்டு, 50 முதல் 70 டாலர் கட்டு, குணமாக்குகிறேன் என்று பேரம் பேசும்.

இதெல்லாம் ஏதோ இருட்டு அறையில் முகமூடி போட்ட பையன்கள் செய்தது என்று நினைக்க வேண்டாம். இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்று ஒரு கம்பெனி. பதிவு செய்தது பெலீஸ் நாட்டில். வேலை நடந்தது உக்ரைன் தலைநகர் கீவில். வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் எல்லாம் அவர்கள் சரக்கு. அலுவலகம், சம்பளம், வாடிக்கையாளர் சேவை எல்லாம் உண்டு. "வாங்கிய பிறகும் வேலை செய்யவில்லை" என்று புகார் சொல்கிறவர்களைச் சமாதானப்படுத்தக் கால் சென்டர்கள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று இந்தியாவில். அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் இவர்கள்மீது வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்றது புகார். 2012இல் நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. இடையில் 2010 மே மாதம் சிகாகோவில் தனியாகக் கிரிமினல் வழக்கும் பதிவானது. 60க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்கள் ஏமாந்திருந்தார்கள்.

இந்த வியாபாரிகளின் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, கலிஃபோர்னியாவில் சான்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட மூன்று கும்பல்களின் சர்வர் தகவல்களையே எடுத்து ஆராய்ந்து 2011இல் கட்டுரை எழுதினார்கள். ஒரு கும்பலின் மூன்று மாதக் கணக்கு இது: 84 லட்சம் கணினிகளில் போலி இறங்கியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் 1,89,342 பேர். வரவு 1 கோடியே 13 லட்சம் டாலர். அதாவது சுமார் 44 பேரை மிரட்டினால் ஒருவர் பணம் கட்டுகிறார். அந்த ஒருவர் போதும் அவர்களுக்கு.

அந்தக் கட்டுரையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் வேறு. இந்தத் திருடர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்! சத்தம் போட்டுக் கேட்டவர்களுக்கு ரீஃபண்ட் தந்திருக்கிறார்கள். தர்ம சிந்தனை எல்லாம் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் வங்கிக்குப் போய்க் கார்டு பரிவர்த்தனையை ரத்து செய்யச் சொன்னால், அந்த எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டும்போது கார்டு நிறுவனம் கடைக்காரரின் கணக்கையே மூடிவிடும். கணக்கு மூடினால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே, வாய் திறந்து கேட்டவருக்குக் கொடுத்து வாயை மூடினார்கள். பேசாமல் இருந்தவர் பணம் லாபமாக நின்றது. ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவமானம் என்று நினைத்தவர்களின் மௌனத்தில்தான் இந்தக் கம்பெனிகள் கொழுத்தன. என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

நல்ல தளங்களை மட்டும் பார்த்தால் பிரச்சினை இல்லையே என்று சிலர் கேட்பீர்கள். 2009 செப்டம்பரில் ஒரு வார இறுதியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தளத்திலேயே இந்த எச்சரிக்கை ஜன்னல் திறந்தது. இணையத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பெயரில் விளம்பர இடம் வாங்கியிருந்தார்கள். முதலில் ஒழுங்கான விளம்பரம் ஓடியது, வார இறுதியில் மாற்றிவிட்டார்கள். மினியாபொலிஸ் நகரத்து ஸ்டார் டிரிபியூன் தளத்திலும் இதே கதை. ஹோட்டல் விளம்பரம் என்று வந்து, பத்திரிகை ஊழியர்கள் சோதித்து ஏற்ற பிறகு உள்ளே இருந்த நிரலை மாற்றினார்கள். அந்த வழக்கில் லாட்வியாவில் இருவர் கைதானார்கள்.

போலிக்கும் அசலுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பிரதேசம் இருக்கிறது. 2014இல் ஆண்ட்ராய்டு போனுக்கு வைரஸ் ஷீல்டு என்று ஒரு செயலி, 3.99 டாலர், கூகுள் பிளே கடையில் பத்தாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். அது செய்த ஒரே வேலை, தொட்டதும் பெருக்கல் குறியை டிக் குறியாக மாற்றியது. கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதைவிடப் பெரிய விவகாரம் ஆஃபீஸ் டிப்போ. அமெரிக்காவில் பெரிய கடைச் சங்கிலி. இலவசமாகக் கணினியைச் சோதித்துத் தருகிறோம் என்று ஒரு புரோகிராம் ஓட்டினார்கள். ஆரம்பத்தில் வாடிக்கையாளரிடம் நாலு கேள்வி: கணினி மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்கிற மாதிரி. அதில் ஒன்றுக்கு ஆமாம் என்று டிக் போட்டாலே, ஸ்கேன் முடிவில் தீங்கான புரோகிராமின் அறிகுறி இருப்பதாக வரும் என்பது ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. 2019 மார்ச்சில் அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. "ஃபிரீ ஸ்கேன்" என்று எங்கே பார்த்தாலும் எனக்கு இது ஞாபகம் வரும்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாகக் கணினியோடு சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அட்டகாசங்கள் குறைந்துபோயின. ஆனால் வியாபாரிகள் தொழிலை விடவில்லை, கடையை மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு என் மேஜைக்கு வருகிற புகார்களில் பெரும்பாலானவை இரண்டே வகை.

ஒன்று, திரையின் வலது கீழ் மூலையில் வந்து வந்து போகிற சிவப்புச் சீட்டு. "உங்கள் சந்தா முடிந்துவிட்டது, 5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று பிரபல ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னத்தோடு வரும். நீங்கள் அந்த நிறுவனத்தின் சரக்கை வாழ்நாளில் வாங்கியிருக்க மாட்டீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சீட்டில் சின்ன எழுத்தைப் படியுங்கள். குரோம் என்ற பெயரும், அர்த்தமில்லாத ஒரு தள முகவரியும் இருக்கும். என்றைக்கோ சினிமாவோ சீரியலோ பார்க்கப் போன இடத்தில், "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலௌ அழுத்துங்கள்" என்று கேட்டிருப்பார்கள். அழுத்தியிருப்பீர்கள். அது அறிவிப்பு அனுப்பக் கொடுத்த அனுமதி. கணினியில் வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதற்கு ஃபார்மேட் போட்டுக் காசு வாங்குகிற கடைகளும் இருக்கின்றன. எங்கள் தொழில் ஆட்களை நானே குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், சொல்ல வேண்டிய விஷயம்.

இரண்டாவது வகைதான் ஆபத்து. திரை முழுவதும் நீல நிறப் பக்கம், மைக்ரோசாஃப்ட் சின்னம், சைரன் சத்தம், "கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்". அழைத்தால் மரியாதையான குரல், "சார், பதறாதீங்க" என்று. உங்களை ஈவென்ட் வியூவர் என்ற இடத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் பிழைக் குறிப்புகள் இருக்கும். எந்த விண்டோஸ் கணினியில் பார்த்தாலும் இருக்கும். பிரிண்டர் தாமதமாகப் பதில் சொன்னதுகூட அதில் பதிவாகும். அடுத்து, கறுப்புத் திரையைத் திறந்து ஐந்தெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டச் சொல்வார். எந்த வகைக் கோப்பை எந்தப் புரோகிராம் திறக்கும் என்று பட்டியலிடும் சாதாரணக் கட்டளை அது. கடைசி வரிகளில் ஒன்றில் 888 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று நிற்கும். "சார், உங்கள் கணினியின் தனிப்பட்ட லைசன்ஸ் எண் என்னிடம் இருக்கிறது, சொல்கிறேன், சரிபாருங்கள்" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார். எழுத்து பிசகாமல் பொருந்தும். அத்தோடு சந்தேகம் போய்விடும். அந்த எண் எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றேதான் என்பது நமக்கு எப்படித் தெரியும்? நன்றாகப் படித்தவரும் விழுகிற இடம் இது. பிறகு தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லிக் கணினியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார். எனிடெஸ்க் நல்ல கருவிதான், நானே தினமும் பயன்படுத்துகிறேன். யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

சொல்லக் கூசுகிறது, இந்த அழைப்பு வேலை பெரிய அளவில் நடப்பது நம் நாட்டில். 2018 அக்டோபர், நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கொடுத்த புகாரின் பேரில் தில்லி, குருகிராம், நொய்டா பக்கம் போலீஸார் இப்படிப்பட்ட கால் சென்டர்களை வரிசையாகச் சோதனை போட்டார்கள். அங்கே ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவர்கள் வேலை தேடி வந்த இளைஞர்கள். அதுவும் ஒரு தனிச் சோகம், இன்றைக்கு அதற்குள் போகவில்லை.

சரி, செய்முறை. பிரவுசரில் எச்சரிக்கைப் பக்கம் வந்தால் அதற்குள் எதையும் அழுத்தாதீர்கள். மூடும் எக்ஸ் குறியைக்கூட. அந்த எக்ஸ் படத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். சத்தத்தைக் குறையுங்கள். எஸ்கேப் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். பிறகு ஆல்ட்டும் எஃப்4ம். அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். அதுவும் தெரியவில்லையா, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், பாதகமில்லை. திரும்பத் திறக்கும்போது "பழைய பக்கங்களை மீண்டும் திறக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான், முடிந்தது.

ஏதாவது இன்ஸ்டால் ஆகிவிட்டது என்றால், முதலில் வைஃபையை அணையுங்கள். ஆப்ஸ் பட்டியலைத் தேதி வரிசையில் வைத்து, அந்த நாளில் புதிதாக வந்தவற்றை நீக்குங்கள். நீக்க விடாமல் முரண்டு பிடித்தால், ஷிஃப்ட்டை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடில் போய் நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று இருக்கும். விண்டோஸ் முழுதாக எழுந்திருப்பதற்கு முன்பே சோதிக்கிற முறை அது, கால் மணி நேரம் ஆகும். ஒளிந்திருப்பது பெரும்பாலும் அதில் சிக்கும். இன்னொரு கருத்தும் வேண்டும் என்றால் மால்வேர்பைட்ஸ் என்ற சோதனை மென்பொருளின் இலவசப் பதிப்பை வேறு கணினியில், அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதற்கும் மசியவில்லை என்றால் போட்டோக்களையும் ஆவணங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் வழி. கிராக் செய்த ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறேன், போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அதை நம்பாதீர்கள். பூட்டு வாங்கக் காசில்லை என்றால் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே போதும். காசு கொடுத்து வாங்க நினைத்தால் நம் சென்னையிலேயே கே7 என்ற நிறுவனம் பல ஆண்டுகளாக ஆன்டிவைரஸ் தயாரிக்கிறது. புனேயில் குவிக் ஹீல் இருக்கிறது. எதை வாங்கினாலும் நீங்களாகத் தேடிப்போய் வாங்குங்கள். மிரட்டிக்கொண்டு தேடி வருவதை வாங்காதீர்கள்.

வெளியாள் கையில் கணினியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரவுட்டரையே அணைத்துவிட்டு, போனிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டையும் பிறகு வங்கிப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் வழியில் நிறுத்தி வைக்க முயல்வார்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது; தெரிவித்த பிறகு போனால் அது வங்கியின் பொறுப்பு.

கடையில் நான் பார்ப்பது என்ன தெரியுமா? பணம் போன அன்றைக்கு யாரும் வருவதில்லை. மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து வருகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு தம்பி" என்று தொடங்கி, டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் நாற்பதாயிரம் ரூபாய் போன விஷயத்தைச் சொன்னார். மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று பயந்திருக்கிறார். நாற்பதாண்டு பிள்ளைகளைத் திருத்தியவர், பிள்ளைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்! அதற்குள் பணம் எத்தனையோ கணக்குத் தாண்டிப் போய்விட்டது.

ஆகவே, முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா, தாத்தா போனில் 1930ஐ ஒரு பெயர் போட்டுப் பதிந்து கொடுங்கள். என்றைக்காவது அவர்கள் முகம் வாடி வந்து, "ஒரு தப்பு நடந்துபோச்சுப்பா" என்று தொடங்கினால், ஏன் அழுத்தினீர்கள் என்ற கேள்வியை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த எண்ணுக்கு அழையுங்கள்.